பால்வாடிக்கும் கிரச்சுக்கும் செலவு பண்ணா ஊருக்கு என்ன லாபம்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

மகளிர் குழு கூட்டத்துல, பஞ்சாயத்து ஆபீஸ்ல, கம்பெனி பஸ்ல, எங்க இந்தப் பேச்ச எடுத்தாலும் அதே கேள்விங்க தான் திரும்பத் திரும்ப வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். பால்வாடின்னா அங்கன்வாடி மையம், கிரச்னா வேலைக்கு போறவங்க புள்ளைங்கள பாத்துக்கற காப்பகம். நான் சொல்ல வர்றது இதான்: சின்னப் புள்ளைங்கள பாத்துக்கறதுக்கு போற காசு தர்மம் இல்ல, ரோடு போடுற மாதிரி அது ஊரு சம்பாதிக்கறதுக்கான செலவு. நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இது வேற எந்த ஊரையும் விட அதிகமா பொருந்தும்.

புள்ளைய பாத்துக்கறது அம்மா வேலை. இதுல பொருளாதாரம் எங்க வந்துச்சு?

அம்மா பாத்துக்கறப்ப யாரும் காசு குடுக்கறது இல்ல, அதனால அது செலவே இல்லாத வேலைன்னு நெனச்சிடறோம். அந்த நேரத்துல அவங்க வேற என்ன பண்ணியிருப்பாங்கன்னு யாரும் யோசிக்கறது இல்ல. மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிங்க ராவும் பகலுமா ஓடும், பழம் கழுவ, தரம் பிரிக்க ஆள் பத்தலன்னு வேன் வெச்சு ஊர் ஊரா வந்து கூப்புடுவாங்க. அதே தெருவுல ஒன்றரை வயசு புள்ளைய மடில போட்டுக்கிட்டு, வாசல்ல ஒக்காந்து புளி தட்டி கொட்டை எடுத்துக்கிட்டு, கிலோ கணக்குல கெடைக்கற சில்லறைக்கு ஒரு பொண்ணு நாள் முழுக்க கை தேய வேலை செஞ்சிட்டு இருப்பா. அவளுக்கு ஃபேக்டரி வேலை தெரியாதுன்னு இல்ல, புள்ளைய விட எடம் இல்ல, அவ்ளோதான்.

மத்திய அரசு 2019-ல ஒரு நேரப் பயன்பாட்டு சர்வே எடுத்துச்சு. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் அதுல செலவு பண்றாங்க, அதே வேலைய செய்யற ஆம்பளைங்க 97 நிமிஷம். குழந்தை, வயசானவங்கள பாத்துக்கறது அதுக்கு மேல தனி, அது பொம்பளைக்கு 134 நிமிஷம், ஆம்பளைக்கு 76. கூட்டிப் பாத்தா அந்த வேலைங்கள செய்யற பொம்பளைக்கு தினமும் ஏழு மணி நேரத்துக்கு மேல போகுது, ஒரு ஷிப்ட் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு. அதுக்கு அப்புறம் தான் அவ கூலிக்கு போகணும்.

சரி, ரூபா கணக்குல சொல்லுங்க. ஊருக்கு என்ன வரும்?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டு காட்டறேன். எல்லா நம்பரும் நான் வெச்சது, உங்க ஊர் கூலிக்கும் வாடகைக்கும் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க.

20 புள்ளைங்களுக்கு ஒரு காப்பகம் நடத்தறோம்னு வைங்க. பாத்துக்கறதுக்கு ரெண்டு பேரு, ஆளுக்கு மாசம் 12,000 ரூபா, ஆக 24,000. சாப்பாடு ஒரு புள்ளைக்கு நாளைக்கு 20 ரூபான்னு 25 நாளைக்கு 10,000. வாடகை 5,000, சோப்பு, கேஸ், கரண்ட், பாய், பொம்மை எல்லாம் சேத்து 3,000. மொத்தம் 42,000, அதாவது ஒரு புள்ளைக்கு மாசம் 2,100 ரூபா.

இப்ப அந்த 20 அம்மாவுல 15 பேரு, முன்னாடி வேலைக்கு போக முடியாதவங்க, நாளைக்கு 400 ரூபா கூலிக்கு 25 நாள் போறாங்கன்னா ஆளுக்கு 10,000, மொத்தம் ஒன்றரை லட்சம். 42,000 போட்டு ஒன்றரை லட்சம் ஊருக்குள்ள வருது. அந்தக் காசு எங்கயும் ஓடிப் போறது இல்ல, மளிகைக்கடை, சந்தை, மருந்துக்கடை, டெய்லர், பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுன்னு அங்கேயே தான் சுத்தும். அந்த 42,000-ல பெரும்பகுதியும் ஊர்க்காரங்க ரெண்டு பேருக்கு சம்பளமா, அரிசி பருப்பு கடைக்கு வியாபாரமா தான் போகுது.

இதுல இன்னொரு விஷயத்த நல்லா பாருங்க, 2,100 ரூபாய அம்மாவே முழுசா குடுக்கணும்னா 10,000 சம்பாதிக்கறவளுக்கு அஞ்சுல ஒரு பங்கு போயிடும், ரெண்டு புள்ளைன்னா அஞ்சுல ரெண்டு பங்கு, பஸ்ஸுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் போக மிச்சம் என்னன்னு பாத்துட்டு வீட்லயே இருந்துடுவா. அதனால தான் இத அந்தந்த வீட்டுப் பாடுன்னு விட்டா நடக்காது. லாபம் ஊருக்கே வருதுன்னா செலவையும் ஊரு, அரசாங்கம், கம்பெனி பகிர்ந்துக்கணும்.

பால்வாடி தான் ஊருக்கு ஊரு இருக்கே, அது போதாதா?

இருக்கறது பெரிய விஷயம், அத கொறச்சு பேச மாட்டேன். 1975 அக்டோபர் 2-ல நாடு முழுக்க 33 வட்டாரத்துல ஐசிடிஎஸ், அதாவது பால்வாடிங்கள நடத்தற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்த ஆரம்பிச்சாங்க. நம்ம மாநிலம் அதுக்கு மேலயும் பண்ணுச்சு, 1980-ல உலக வங்கி கடனோட ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து திட்டம், 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர் கொண்டு வந்த சத்துணவு. அந்த சத்துணவு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வரல, பால்வாடில இருந்த ரெண்டு வயசு புள்ளைக்கும் சேத்து தான் வந்துச்சு. இன்னைக்கு தமிழ்நாடு முழுக்க 54,000-க்கு மேல மையம் இருக்கு. சாப்பாடு, முட்டை, சத்துமாவு, எடை பாக்கறது, தடுப்பூசிக்கு ஞாபகப்படுத்தறது எல்லாம் அங்க தான் நடக்குது.

ஆனா பால்வாடி வேலைக்கு போற அம்மாவ மனசுல வெச்சு கட்டினது இல்ல, ஊட்டச்சத்த மனசுல வெச்சு கட்டினது. ரெண்டு எடத்துல அது இடிக்குது. ஒண்ணு நேரம். சாயங்காலம் மூணு நாலு மணிக்கெல்லாம் மூடிடுவாங்க, ஓசூர் கம்பெனி பஸ் விடியக்காலம் அஞ்சு மணிக்கே வந்து நிக்கும். மாங்கூழ் ஃபேக்டரில ஏழு மணி வரைக்கும் வேலை இருக்கும். தக்காளி பறிக்கப் போறவங்க கருக்கல்லயே கெளம்பிடுவாங்க, அப்பத்தான் பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிக்கு காய் நேரத்துக்கு போய் சேரும். ரெண்டாவது வயசு. ரெண்டு வயசு முடிஞ்சா தான் பால்வாடில வெச்சுப்பாங்க, அதுக்கு கீழ இருக்கற புள்ளைக்கு சத்துமாவு வீட்டுக்கு குடுப்பாங்க, புள்ளைய வெச்சுக்க மாட்டாங்க. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் இருக்கற அந்த ஒன்றரை வருஷம் தான் பல பொம்பளைங்க வேலைய விட்டுட்டு திரும்ப போகாமலே போற காலம். என்னக் கேட்டா மொத்தப் பிரச்சனையோட மையம் இதான்.

பால்வாடில சோறு போட்டு தூங்க வெக்கறாங்க, படிப்பா சொல்லித்தராங்க?

இத கேக்கறவங்க ஒரு மையத்துல ஒரு நாள் முழுக்க ஒக்காந்து பாக்கணும்னு ஆசைப்படறேன். ஒரு டீச்சர், ஒரு ஆயா, சில எடத்துல ஆயா போஸ்ட் காலியா கெடக்கும். அதே டீச்சர் தான் ரெஜிஸ்டர் எழுதணும், போன்ல டேட்டா ஏத்தணும், கர்ப்பிணிங்க வீட்டுக்கு போகணும், எடை எடுக்கணும், ஊசி போடுற நாள்ல நர்சம்மா கூட நிக்கணும். இதுக்கு நடுவுல 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி பாட்டு, கதை, கணக்கு.

அப்ப கூட ஒரு ஆள் போட்டா என்ன ஆகும்? இத தமிழ்நாட்டுலயே சோதிச்சு பாத்திருக்காங்க. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ்னு மூணு பொருளாதார அறிஞருங்க, 320 அங்கன்வாடி மையத்த எடுத்துக்கிட்டு, குலுக்கல் முறைல தேர்ந்தெடுத்த பாதி மையத்துக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளர போட்டாங்க. அவங்க பாடம், விளையாட்ட பாத்துக்கிட்டாங்க, பழைய டீச்சருக்கு சத்துணவு, சுகாதார வேலைக்கு நேரம் கெடைச்சுது. புள்ளைங்க கத்துக்கற நேரம் ரெண்டு மடங்காச்சு. ஒன்றரை வருஷத்துல கணக்குலயும் மொழிலயும் மார்க் நல்லா ஏறிச்சு, வயசுக்கேத்த உயரம் இல்லாத புள்ளைங்களும் கடுமையான ஊட்டச்சத்துக் கொறைபாடு இருக்கற புள்ளைங்களும் கொறைஞ்சாங்க. இதனால அந்தப் புள்ளைங்க வருங்காலத்துல கூடுதலா சம்பாதிக்கப் போறத இன்னைய மதிப்புல கணக்கு போட்டா, செலவு பண்ணதுல 13-ல இருந்து 21 மடங்கு வரைக்கும் வரும்னு அவங்க மதிப்பீடு.

அந்த ஆள் பெரிய டிகிரி வாங்கின ஆளும் இல்ல, உள்ளூர்ல இருக்கறவங்கள தான் எடுத்தாங்க. பத்தோ பன்னெண்டோ முடிச்சிட்டு வேலை இல்லாம இருக்கற பொண்ணுங்க நம்ம ஊருங்கள்ல எவ்ளோ பேரு! அரை நாள் வேலை, ஊருக்குள்ளயே, நடந்து போற தூரத்துல. சின்னப் புள்ளைங்களுக்கு எங்க காசு போடலாம்னு யாராவது என்ன கேட்டா மொதல்ல இத தான் சொல்லுவேன்.

சின்ன வயசுல ரெண்டு வருஷம் பாட்டு பாடினா இருபது வருஷம் கழிச்சு சம்பளம் கூடுமா? நம்பற மாதிரி இல்லையே.

மொதல்ல நானும் யோசிச்சேன், ஏன்னா நடுவுல எவ்ளோ நடக்குது. ஆனா பொறுமையா இருபது முப்பது வருஷம் பின்தொடர்ந்து பாத்தவங்க இருக்காங்க.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல யிப்சிலாண்டின்னு ஒரு சின்ன ஊர்ல 1962-ல ஆரம்பிச்ச பெர்ரி ப்ரீஸ்கூல்னு ஒரு சோதனை. ஏழை கறுப்பின வீட்டுப் புள்ளைங்க 123 பேரு, பாதிப் பேருக்கு நல்ல முன்பருவக் கல்வி, மீதிப் பேருக்கு இல்ல. நாப்பது வயசு வரைக்கும் அவங்கள விடாம பாத்தாங்க. படிச்சவங்க அதிகம் சம்பாதிச்சாங்க, போலீஸ் கேஸ்ல மாட்டினது கம்மி. 2000-ல நோபல் வாங்கின ஜேம்ஸ் ஹெக்மன் இத கணக்கு போட்டு வருஷத்துக்கு 7-ல இருந்து 10 சதவீதம் வருமானம் குடுக்குதுன்னு சொன்னாரு.

எனக்கு அதவிட ஜமைக்கா சோதனை தான் நெருக்கமா தெரியுது, ஏன்னா அங்க கட்டடமே இல்ல. 1986-87-ல ஊட்டச்சத்து இல்லாம வளர்ச்சி கொறைஞ்ச 129 புள்ளைங்கள எடுத்துக்கிட்டாங்க, அதுல ஒரு பகுதி வீட்டுக்கு சுகாதாரப் பணியாளர் ஒருத்தர் வாரத்துக்கு ஒரு தடவ போய் ஒரு மணி நேரம் அம்மாவுக்கு புள்ளையோட எப்படி விளையாடறது, எப்படி பேசறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. ரெண்டு வருஷம் தான். இருபது வருஷம் கழிச்சு பாத்தா அந்தப் புள்ளைங்க வருமானம் மத்தவங்கள விட 25 சதவீதம் அதிகம். கையில செஞ்ச பொம்மை, பழைய பாட்டில் மூடி, படப் புத்தகம், இவ்ளோ தான் பொருளு. நம்ம அஞ்செட்டி, சித்தேரி மாதிரி வீடுங்க தூரத்தூரமா இருக்கற மலை ஊருக்கு இது சரியா வரும்னு நெனக்கிறேன்.

சாப்பாட்டுக்கும் இப்படி ஒரு ஆதாரம் இருக்கு. குவாத்தமாலாவுல 1969-ல இருந்து 1977 வரைக்கும் சில கிராமத்துல புரதச்சத்து உள்ள கஞ்சியும் வேற சில கிராமத்துல புரதம் இல்லாத பானமும் குடுத்தாங்க. ரெண்டு வயசுக்குள்ள அந்தக் கஞ்சி குடிச்ச ஆண்புள்ளைங்க பெரியவங்க ஆனப்போ அவங்க மணிக்கூலி 46 சதவீதம் அதிகமா இருந்துச்சு, பெண்புள்ளைங்க கூடுதலா படிச்சாங்க. கஞ்சி தான்! கேழ்வரகு களியும் கூழும் சாப்ட்டு வளர்ந்த ஊரு நம்மளது, அந்த ஒரு டம்ளர் சத்துமாவ புள்ளைக்கு ஒழுங்கா காய்ச்சிக் குடுக்கணும், அத மாட்டுக்கு கரைச்சு ஊத்தாதீங்கன்னு கைகூப்பி கேட்டுக்கறேன்.

வீட்ல பாட்டி இருக்காங்களே?

பாட்டி இருந்தா நல்லது தான், ஆனா நம்ம பக்கத்து பாட்டிங்க சும்மா ஒக்காந்து இருக்காங்களா? ஆடு மேய்க்கறாங்க, மாட்டுக்கு புல்லு அறுக்கறாங்க, காட்டு வேலைக்கு போறாங்க, சக்கரையும் பிரஷரும் வெச்சிக்கிட்டு. அவங்க நேரத்துக்கும் கூலி இருக்கு. பாட்டி பாத்துக்கறது இலவசம்னு சொன்னா அந்தக் கூலிய அவங்க கிட்ட இருந்து நாம எடுத்துக்கறோம்னு அர்த்தம்.

அடுத்து எழுத்து. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுலயே படிப்பறிவு கம்மியான மாவட்டம் தர்மபுரி, 68.54 சதவீதம். அதுல வயசான பொம்பளைங்க நெலமை எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்கலாம். பாசம், கதை, பாட்டு எல்லாம் பாட்டி கிட்ட கொட்டிக் கெடக்கு, ஆனா புத்தகத்த கையில எப்படி புடிக்கறதுன்னு காட்டறதுக்கு இன்னொருத்தர் வேணும்.

பாட்டி இல்லாத வீட்ல யாரு பாத்துக்கறாங்கன்னு பாருங்க, அக்கா. பத்து வயசு, பன்னெண்டு வயசு பொண்ணு. மொதல்ல அறுவடை சமயத்துல பத்து நாள் லீவு போடுவா, அப்புறம் மாங்கா சீசன் முழுக்க தம்பிய தூக்கிட்டு திரிவா, எட்டாவதுல பெயில் ஆன மாதிரி ஆகி நின்னுடுவா, நின்ன மறு வருஷமே கல்யாணப் பேச்சு வந்துடும். இந்த ரெண்டு மாவட்டத்துலயும் குழந்தைத் திருமணம் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு கேக்கறப்போ, ஊர்ல கிரச் இருக்கான்னு யாரும் கேக்கறது இல்ல. எனக்கு ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு உறுதியா தோணுது. பொண்ணு பொறந்தா சுமைன்னு நெனச்ச காலத்த பாத்த மண்ணு இது, வேணாம்னு நெனக்கற பெண்குழந்தைய அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டு போறதுக்கு 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து 2001-ல தர்மபுரிக்கும் நீட்ட வேண்டிய அளவுக்கு இருந்துச்சு. சம்பாதிக்கற அம்மா இருக்கற வீட்ல பொண்ணுக்கு மதிப்பு வேற.

ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் இவ்ளோ கம்பெனி வந்திருக்கே, அவங்க பொறுப்பு என்ன?

நெறைய இருக்கு. இந்தியாவுல ஃபேக்டரில வேலை செய்யற பொம்பளைங்கள்ல 100-க்கு 40 பேருக்கு மேல தமிழ்நாட்டுல தான். ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ்ல பெரும்பாலும் பொண்ணுங்க, போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஃபேக்டரிக்கு 10,000 பொம்பளைங்கள எடுப்போம்னு 2021-ல அறிவிச்சாங்க. எடுக்கறதெல்லாம் பெரும்பாலும் கல்யாணம் ஆகாத வயசுப் பொண்ணுங்க, ஹாஸ்டல்ல தங்கி வேலை. நாலஞ்சு வருஷத்துல கையும் கண்ணும் வேலைல பழகி சூப்பர்வைசர் ஆகற நேரத்துல கல்யாணம், புள்ள, வேலை போச்சு. கம்பெனி திரும்ப ஒரு புது ஆள எடுத்து மொதல்ல இருந்து ட்ரெயினிங். அந்தப் பொண்ணுக்கும் நஷ்டம், கம்பெனிக்கும் நஷ்டம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1948 தொழிற்சாலை சட்டத்துல 30 பெண்களுக்கு மேல வேலை செஞ்சா ஆறு வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்களுக்கு கிரச் இருக்கணும்னு இருந்துச்சு. 2017-ல மகப்பேறு சட்டத்த திருத்தி சம்பளத்தோட லீவ முதல் ரெண்டு புள்ளைக்கு 26 வாரமா ஆக்கினப்போ, 50 பேரு அதுக்கு மேல வேலை செய்யற எந்த நிறுவனமா இருந்தாலும் கிரச் வசதி வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் புள்ளைய பாக்க விடணும்னு சேத்தாங்க. ஆம்பள பொம்பள எல்லாரையும் எண்ணித்தான் அந்த 50. புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அந்த 50 கணக்கு இருக்கு. வேலைல சேரும்போதே இத எழுதி வேலைக்கு எடுக்கறவங்க கிட்ட கேளுங்க, நாலஞ்சு பேரா சேந்து கேளுங்க, பொறந்த பின்னாடி கேட்டா லேட் ஆயிடும். ஒரு கம்பெனில, பேரு வேணாம், கிரச்னு போர்டு போட்ட ரூம்ல அட்டப்பெட்டி அடுக்கி வெச்சிருந்தத கண்ணால பாத்தேன், கேட்டா யாரும் புள்ளைய கூட்டிட்டு வரலன்னாங்க. கம்பெனி பஸ்ல புள்ளைய ஏத்தக்கூடாதுன்னு இருந்தா எப்படி கூட்டிட்டு வருவாங்க?

சின்ன யூனிட்டுங்களுக்கு தனித்தனியா கட்டறது கஷ்டம், ஒத்துக்கறேன். சிப்காட் தொழிற்பேட்டை வாசல்ல நாலஞ்சு யூனிட் சேந்து பொதுவா ஒண்ணு நடத்தலாம், சட்டமும் பொது வசதிய ஏத்துக்குது. அதைவிட ஊர்லயே, பஸ் ஏர்ற எடத்துக்கு பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது, புள்ள ரெண்டு மணி நேரம் பஸ்ல அலைய வேணாம்.

பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போறவங்க புள்ளைங்க?

பென்னாகரம், ஏரியூர், அரூர், ஊத்தங்கரை பக்கம் பாதித் தெரு பூட்டி கெடக்கறதுக்கு காரணமே அது தானே. புள்ளைய பாட்டி கிட்ட விட்டுட்டு போறாங்க, இல்ல கூட்டிட்டு போய் மணல் மேட்டு மேல, ஜல்லி பக்கத்துல விடறாங்க. 1969-ல டெல்லில மீரா மகாதேவன்ங்கற அம்மா இப்படி கட்டட வேலை நடக்கற எடத்துல புழுதில கெடந்த கொழந்தைங்கள பாத்துட்டு தான் மொபைல் க்ரெஷஸ் அமைப்ப ஆரம்பிச்சாங்க. 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயும் 50 பெண்களுக்கு மேல இருந்தா புள்ளைங்களுக்கு ரூம் வேணும்னு எழுதினாங்க, நம்ம ஜனங்க போற சின்ன சைட்ல அவ்ளோ பேரு ஒரே எடத்துல இருக்கறதே இல்ல.

கர்நாடகால 2023-ல 'கூசின மனே'ன்னு கிராமப் பஞ்சாயத்துல கிரச் அறிவிச்சாங்க, 4,000 பஞ்சாயத்துக்கு, 100 நாள் வேலைக்கு போற அம்மாக்களோட புள்ளைங்களுக்காக. தளி, அத்திப்பள்ளி எல்லை தாண்டினா அங்க இருக்கு, இங்க இல்ல. நம்மளும் கேக்கலாமே. 2005-ல வந்த 100 நாள் வேலைச் சட்டத்துலயே அஞ்சு சின்னப் புள்ளைங்க வேலை எடத்துக்கு வந்தா பாத்துக்க ஒரு பொம்பளைய கூலியோட ஒதுக்கணும்னு இருந்துச்சு, எத்தன ஊர்ல அது நடந்துச்சுன்னு உங்க ஊர் அக்காங்கள கேட்டுப் பாருங்க.

வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசற புள்ளைங்க பால்வாடில திணறாதா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இது தினசரி விஷயம். மூணு வயசுல வந்த புள்ள ஆறு மாசத்துல ரெண்டு பாஷைலயும் பேசும், ஒண்ணாவதுல நேரா வந்த புள்ள தான் பயந்து வாயத் தொறக்காது. ஆயா அந்தப் புள்ளைங்க வீட்டு பாஷை தெரிஞ்சவங்களா இருந்தா போதும்.

தனியார் ப்ளே ஸ்கூல்ல போட்டா நல்லா வராதா?

சில எடம் நல்லா இருக்கும், நான் எதிரி இல்ல. ஆனா மூணு வயசுல பெஞ்சுல ஒக்கார வெச்சு ஏபிசிடி எழுத வெக்கறதுக்கு பேரு முன்பருவக் கல்வி இல்ல. விளையாடணும், மண்ணுல கை வெக்கணும், பேசணும். 2019-ல நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடில எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி உங்க ஊர்ல இருந்தா மொதல்ல அத போய் பாருங்க.

எப்படியாவது ஒரு கிரச் தொறந்துட்டா போதுமா?

போதாது. கனடாவுல கியூபெக் மாகாணத்துல 1997-ல ஒரு நாளைக்கு 5 டாலருக்கு குழந்தை காப்பகம்னு கொண்டு வந்தாங்க. அம்மாக்கள் வேலைக்கு போறது நெசமாவே கூடிச்சு, அவங்க கட்டின வரி செலவ ஈடு கட்டுதுன்னு கணக்கு போட்டவங்க இருக்காங்க. ஆனா அதே திட்டத்துல புள்ளைங்க சிலருக்கு கோவம், பதட்டம், முரட்டுத்தனம் கூடிச்சுன்னு வேற ஆராய்ச்சியும் வந்துச்சு, அவசரமா எடத்த பெருக்கினதுல தரம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. புள்ளைய அடைச்சு வெச்சா அம்மா சம்பளம் வரும், புள்ள கெட்டுப்போகும், அந்த லாபம் நமக்கு வேணாம்.

என் கணக்குல ரெண்டு வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்க நாலஞ்சு பேருக்கு மேல ஒருத்தர் கிட்ட விடக்கூடாது. தண்ணி, கக்கூஸ், மூடின அடுப்பு, அம்மா வந்து பால் குடுக்க ஒரு மறைவு, புள்ளையோட பேசற மனுஷி. இது இருந்தா மத்தது பின்னாடி வரட்டும். பாதுகாப்பு விஷயத்துல வங்காளதேசத்த பாருங்க, அங்க கிராமத்துல 'ஆஞ்சல்'னு சின்னச் சின்ன காப்பகம் வெச்சு, அம்மா வேலையா இருக்கற காலை நேரத்துல மட்டும் புள்ளைங்கள பாத்துக்கிட்டாங்க, தண்ணில முழுகிச் சாகறது பெருமளவு கொறைஞ்சுது. நம்ம ஊர்ல கைப்புடி சுவர் இல்லாத கெணறும், மழைத்தண்ணி நிக்கற கல்லு குவாரி குழியும் எத்தன! அந்த உயிருக்கு விலை போட நான் வரல, ஆனா கணக்கு கேக்கறவங்க இதையும் சேத்துக்கணும்.

பால்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் சம்பளம் கூட்டினா செலவு தானே?

அது தான் மொதல் முதலீடு. மத்திய அரசு கணக்குல அவங்க வாங்கறது சம்பளம் இல்ல, மதிப்பூதியம். 2018-ல இருந்து மத்திய அரசு வெச்ச தொகை டீச்சருக்கு 4,500, ஆயாவுக்கு 2,250, அதுக்கு மேல மாநில அரசு சேத்துக் குடுக்குது. 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் இவங்களுக்கு பணிக்கொடை உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, அதாவது இது சேவைன்னு சொல்லி தள்ளி விடற விஷயம் இல்ல, வேலை. நல்ல டீச்சர் ஒரு ஊர்ல இருபது வருஷம் இருந்தா அந்த ஊர்ல எத்தன புள்ளைங்க அவங்க கை புடிச்சு நடந்திருக்கும். அவங்கள வேற வேலைக்கு ஓட வெக்கற சம்பளத்த குடுத்துட்டு தரத்த பத்தி பேச முடியாது.

நான் என்ன பண்ண முடியும்? எங்க போய் கேக்கறது?

கிராம சபைல. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு தடவ நடக்கும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 நம்ம மாவட்டத்துக்கு சரியான நேரம், மாங்கா சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. 'பால்வாடிய நல்லா பண்ணுங்க'ன்னு பொதுவா சொன்னா தீர்மான நோட்டுல ஏறாது. குறிப்பா கேளுங்க: ஆயா போஸ்ட் காலியா இருந்தா எந்த மாசத்துல இருந்து காலின்னு சொல்லி நெரப்பச் சொல்லுங்க, சீசன்ல சாயங்காலம் ஆறு வரைக்கும் தொறந்து வெக்க மகளிர் குழுவுல இருந்து ஒருத்தர கூலிக்கு வெச்சுக்கலாமான்னு கேளுங்க, ரெண்டு வயசுக்கு கீழ எத்தன புள்ளைங்க, அதுல எத்தன அம்மா வேலைக்கு போகத் தயார்னு தெருத்தெருவா எண்ணி ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க. மத்திய அரசோட மிஷன் சக்தில பால்னான்னு ஒரு திட்டம் 2022-ல இருந்து இருக்கு, அங்கன்வாடியோடவே கிரச் சேத்து நடத்தறதுக்கு, ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு. அந்தப் பேர தீர்மானத்துல எழுதி, உங்க வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு காப்பி, கலெக்டருக்கு திங்கக்கெழம மனு நாள்ல ஒரு காப்பி குடுத்து, ரசீது வாங்கிக்கோங்க.

அம்மாக்கள் கிட்ட ஃபீஸ் வாங்கலாமா, முழுசா இலவசமா இருக்கணுமா?

பால்வாடி இலவசமாவே இருக்கணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. மகளிர் குழு நடத்தற கூடுதல் நேரத்துக்கு மட்டும் நாளைக்கு பத்து ரூபா, சீசன்ல இருபது ரூபா வாங்கலாம், வேலைக்கு போற அன்னைக்கு மட்டும். மாசக் கட்டணம்னு வெச்சீங்கன்னா மழை பெஞ்சு வேலை இல்லாத வாரத்துல மொதல்ல நிக்கறது அந்தப் புள்ள தான். கைம்பொண்ணுங்க, புருஷன் விட்டுட்டு போனவங்க புள்ளைங்களுக்கு வாங்காதீங்க, அத குழு சேமிப்புல இருந்தோ பஞ்சாயத்து கிட்ட கேட்டோ பாத்துக்கலாம். யாரு குடுக்கறாங்க யாரு குடுக்கலன்னு நோட்ட வாசல்ல மாட்டி வெக்காதீங்க.